வயிற்று வலியும் கோதுமையும்

உடல்நலப் பகுதி



வயிற்று வலிக்கு நம் வீடுகளில் நோய் என்ற மதிப்பே கிடைப்பதில்லை. "வாயு" என்போம், "சூடு" என்போம், "நேற்றுத் தின்ற பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை" என்போம். ஓமத் தண்ணீரோ, சுக்குக் கஷாயமோ, வெந்தயம் போட்ட மோரோ கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். இரண்டொரு நாளில் தீர்ந்துவிடும் வலிக்கு அவ்வளவு போதும். பாட்டிமார் கைவைத்தியத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் விட்டு விட்டு வரும் வலி வேறு வகையைச் சேர்ந்தது. கஷாயத்தை மாற்றிக்கொண்டே போவதால் அது தீராது. அதன் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை வகுத்த வள்ளுவரும், நோய் இன்னது, அதன் மூலம் இன்னது என்று தெளிந்த பிறகே சிகிச்சைக்கு வருகிறார்.

அண்மைக் காலத்தில் இந்தத் தேடலில் ஒரு பெயர் அடிக்கடி அடிபடுகிறது. கோதுமையில் உள்ள ‘குளூட்டன்’ என்னும் பொருளே அது. "எனக்குக் குளூட்டன் ஆகாது" என்று தாமே முடிவுகட்டி, ரொட்டியையும் சப்பாத்தியையும் தள்ளிவிடுவோர் ஒரு சாரார். "அதெல்லாம் வெள்ளைக்காரருக்கு வரும் வியாதி, சோறு தின்று வளர்ந்த நமக்கு எங்கே வரப்போகிறது?" என்று சிரிப்போர் மற்றொரு சாரார். இரு சாராரும் விசாரணை இல்லாமலே தீர்ப்பு எழுதுகிறார்கள். அயல்நாட்டிலும் வடநாட்டிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக அறிந்திருத்தல் நலம்.

பங்காருபாளையத்துத் தட்டு

சித்தூரிலிருந்து பலமனேர் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மொகிலி மலைச்சாலை ஏறுவதற்கு முன்னால் இருப்பது பங்காருபாளையம். மாங்காய் மண்டியால் பெயர் பெற்ற ஊர். 1911-ஆம் ஆண்டு வரை பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது சித்தூர் என்பதை நம்மில் மூத்தோர் அறிவர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் இந்தச் சீமையின் பழைய ஆகாரம் யாது? அரிசிச் சோறு; தெலுங்கில் சங்கட்டி என்னும் கேழ்வரகுக் களி; தொட்டுக்கொள்ள வேர்க்கடலைத் துவையல்; கம்பு, சோளம். இவற்றுள் ஒன்றிலும் குளூட்டன் கிடையாது. கோதுமை அங்கே பண்டிகை நாளின் பூரிக்கும், காய்ச்சல்காரனின் ரவைக் கஞ்சிக்கும் வந்துபோன விருந்தாளியே. 1956-இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட தானிய ஒப்பந்தத்தின்படி கப்பல் கப்பலாகக் கோதுமை நாட்டுக்குள் வந்தது. பின்பு பசுமைப் புரட்சி வந்தது. பரோட்டாக் கடையும் பேக்கரியும் சிற்றூர் வரை பரவின. அப்படியும் சோறுதான் இன்றும் அங்கே பிரதான உணவு.

இந்த ஊரிலிருந்து ஒரு குடும்பம் டில்லிக்கோ, லண்டனுக்கோ, டொராண்டோவுக்கோ போய்க் குடியேறுவதாக எண்ணிக்கொள்வோம். காலையில் ரொட்டியும் வெண்ணெயும். பகலில் பள்ளிக்கூடத்துச் சாண்ட்விச். மாலையில் பிஸ்கோத்து. இரவில் சப்பாத்தி அல்லது பாஸ்தா. தாய் ஊரில் இருந்தபோது ஒரு மாதத்தில் தின்ற கோதுமையை மகள் சில நாள்களிலேயே தின்றுவிடுகிறாள். வமிசம் அதேதான், தட்டுதான் மாறிவிட்டது. இம்மாற்றத்தால் விளையக்கூடியது என்ன?

வேலூர்ப் பகுதியில் கண்ட உண்மை

இக்கேள்விக்கு விடை சித்தூருக்கு மிக அருகிலேயே கிடைத்திருக்கிறது. வடக்கே ஹரியானா, வடகிழக்கே அஸ்ஸாம், தெற்கே வேலூர் ஆகிய மூன்று பகுதிகளில் வாழும் நல்ல உடல்நலம் உள்ள மக்கள் 23,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து, 2016-இல் விஞ்ஞானிகள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணா அவர்களுள் முக்கியமானவர். குளூட்டனால் சிறுகுடல் கெட்டுப்போகும் ‘சீலியாக்’ நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதே கேள்வி. வடக்கே ஆயிரம் பேருக்குச் சுமார் 8.5 பேர், வடகிழக்கே சுமார் 4.7 பேர், தெற்கே 0.1 பேர், அதாவது பத்தாயிரத்துக்கு ஒருவர்.

இதைக் கண்டு, "பார்த்தீர்களா, நமக்கு வராது" என்று மகிழ்ந்துவிடலாகாது. அதே ஆய்வில் இன்னும் இரண்டு கணக்குகள் உண்டு. இந்நோய் வருவதற்கு இடங்கொடுக்கும் மரபுக்கூறுகள் வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும், தெற்கே நூற்றுக்கு 36 பேரிடமும் காணப்பட்டன. ஏறக்குறைய சமம்! வேற்றுமை எங்கே என்றால் உணவில். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்கிறார். தெற்கே 25 கிராம். நம்மைக் காத்து நிற்பது நம் இரத்தத்தின் விசேஷம் அன்று, பெரும்பாலும் நம் சோற்றுப் பானையே என்று ஆய்வாளர் கருதுகின்றனர். பானையை விட்டு அகன்ற குடும்பத்துக்கு அந்தக் காவல் குறைந்துவிடுகிறது. மரபுக்கூறு இருப்பவர் அனைவருக்கும் நோய் வந்துவிடும் என்பது இதன் பொருள் அன்று. மிகச் சிலருக்கே வருகிறது. வர முடியாது என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்பதே பொருள்.

குளூட்டன் என்பது யாது?

கோதுமை மாவைப் பிசைந்து ஓர் உருண்டையாக்கித் தண்ணீரில் வெகுநேரம் கசக்கிக் கழுவுங்கள். பால்போல் மாச்சத்து வெளியேறிவிடும். கையில் ரப்பரைப்போல் இழுபடும் ஒரு பிசின் மிஞ்சும். அதுவே குளூட்டன், ஒருவகைப் புரதம். பரோட்டா மாவு கிழியாமல் வீசப்படுவதும், ரொட்டி உப்பி நிற்பதும் அதனாலேயே. பார்லியிலும், ‘ரை’ என்னும் மேல்நாட்டுத் தானியத்திலும் இதை ஒத்த புரதங்கள் உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு முதலியவற்றில் இல்லை.

நம் சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாய் அன்று. ஜமக்காளத்து மயிர்போல நுண்ணிய குடலுறிஞ்சிகள் லட்சக் கணக்கில் எழுந்து நிற்கின்றன. உண்ட உணவின் சத்தை இரத்தத்தில் சேர்ப்பவை இவையே. சீலியாக் நோய் உள்ளவர் உடலில், பகைவரை எதிர்க்க வேண்டிய காவற்படை குளூட்டனைக் கண்டு மயங்கித் தன் குடலையே தாக்குகிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. பிறகு நெய்யும் பாலும் எவ்வளவு கொடுத்தாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. இரும்புச் சத்தும், ஃபோலிக் அமிலமும், சுண்ணாம்புச் சத்தும் சேராமல் போகின்றன.

இந்நோய் புதியது அன்று. லண்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் சாமுவேல் கீ, 1888-இலேயே இதைத் தெளிவாக வர்ணித்து, உணவினாலேயே இதைத் தீர்க்க முடியும் என்றும் ஊகித்தார். ஆனால் எந்த உணவு கூடாது என்பது அவருக்கு அகப்படவில்லை. அதைக் கண்டவர் டச்சு நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. ஹேக் நகரத்தில் பணியாற்றிய அவர் 1930-களிலேயே கோதுமையின்மேல் ஐயங்கொண்டார். ரொட்டியை நிறுத்தினால் தன் குழந்தை தேறுகிறது என்று ஓர் இளந்தாய் கூறியதே அவரை அவ்வழியில் எண்ண வைத்ததாம். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்தில் கடும் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்காமல் மக்கள் டூலிப் பூவின் கிழங்கைக்கூடத் தின்றார்கள். ஊரெல்லாம் மெலிந்த அக்காலத்தில் இந்நோய்க் குழந்தைகள் மட்டும் மோசமாகாமல் இருந்தன. ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. போருக்குப் பின் டிக்கே முறையாகச் சோதனைகள் நடத்தி, 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தம் ஆராய்ச்சியைச் சமர்ப்பித்தார். ஒரு தாயின் சொல்லைக் கேட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. அதைச் சோதித்து மெய்ப்பிக்கவும் பாடுபட்டார். நமக்கும் அவ்விரண்டும் வேண்டும்.

எவ்வாறு ஐயுறுவது?

வயிறு உப்புசம், சாப்பிட்டபின் இழுத்துப் பிடிக்கும் வலி, நாள்பட்ட பேதி ஆகியவை வெளிப்படையான குறிகள். சிலருக்கு இதற்கு நேர்மாறாக மலச்சிக்கல் இருக்கும். வேறு சிலருக்கு வயிற்றில் ஒரு தொல்லையும் இல்லாமல் நோய் மறைந்து நிற்பதும் உண்டு. இரும்புச் சத்து மாத்திரை எவ்வளவு விழுங்கியும் ஏறாத இரத்தசோகை, அடிக்கடி வரும் வாய்ப்புண், காரணம் தெரியாத எடைக் குறைவு, எலும்புத் தேய்வு, முழங்கையிலும் முழங்காலிலும் அரிப்போடு வரும் கொப்புளங்கள் ஆகியவை அதன் மறைமுகக் குறிகள். குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளராமல் நிற்பதும், பெண் பிள்ளை பூப்பெய்துவது தள்ளிப்போவதும் இதனால் இருக்கலாம். "நம் வமிசமே குட்டைதான்" என்று சொல்லி இதை விட்டுவிடாதீர்கள். தைராய்டு சுரப்பியை உடலே தாக்கும் நோயும், சிறுவயதிலேயே இன்சுலின் தேவைப்படும் நீரிழிவும் உடையவர்களிடத்தில் சீலியாக் மற்றவர்களைவிட அதிகம். பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் ஏனையோரும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வலிக்குக் காரணம் ஒன்றுதானா?

இல்லை. வயிற்று வலிக்கு வரும் பலரில் சீலியாக் உடையவர் சிலரே. ஆகவே கோதுமையை மட்டும் கூண்டில் ஏற்றி, உண்மையான குற்றவாளியைத் தப்பவிடுதல் பெருந்தீங்கு.

முதலாவது, பால். வயது வந்தபின் பாலின் சர்க்கரையாகிய ‘லாக்டோஸ்’ பலருக்குச் செரிப்பதில்லை. 1981-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், சோதிக்கப்பட்ட தென்னாட்டாரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இக்குறை இருந்தது. வடநாட்டாரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினருக்கே இருந்தது. ஊரில் ஒரு தம்ளர் காப்பிப் பாலோடு நின்றவர், வெளிநாட்டில் காலையில் ஒரு கிண்ணம் பாலில் தானியத்தைக் கொட்டிச் சாப்பிடுகிறார். வலி வந்ததும் தானியத்தின்மேல் பழி போடுகிறார்! இத்தகையோருக்குத் தயிரும் மோரும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை.

இரண்டாவது, இரைப்பைப் புண். கவலையும் காரமும்தான் இதற்குக் காரணம் என்று உலகம் நெடுங்காலம் நம்பிற்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர், ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்னும் கிருமியே பெரும்பாலும் காரணம் என்று காட்டினர். யாரும் நம்பாமற் போகவே, 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து நோயை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதைத் தீர்க்க மருந்து உண்டு. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் ஓயாமல் விழுங்கும் வலிநிவாரண மாத்திரையும் இரைப்பையைப் புண்ணாக்கும்.

மூன்றாவது, தொற்று. குடற் காசநோய், ‘ஜியார்டியா’ என்னும் நுண்ணுயிர், குடற்புழுக்கள் ஆகியவை நம் நாட்டில் இன்னும் உண்டு. ஊருக்கு விடுமுறையில் போய்வந்தவர் அதை அயல்நாட்டு டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அவருக்கு அது தானாகத் தோன்றாது. ‘டிராபிகல் ஸ்ப்ரூ’ என்று ஒரு நோயும் உண்டு. 1960-களில் வேலூர் டாக்டர்களான செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் தென்னாட்டுக் கிராமங்களில் அதை விரிவாக ஆராய்ந்தனர். அதிலும் குடலுறிஞ்சிகள் தேய்கின்றன. ஆனால் அதற்குச் சிகிச்சை பத்தியம் அன்று. கிருமிக்கொல்லி மருந்தும் ஃபோலிக் அமிலமும் ஆகும். குடலின் தோற்றம் ஒன்றாக இருந்தும் காரணம் வேறாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

நான்காவது, கோதுமையே தொல்லை தருகிறது. ஆனால் சீலியாக் இல்லை என்னும் நிலை. சிலருக்குக் கோதுமை ஒவ்வாமை உண்டு. உண்டவுடன் தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் ஏற்படும். வேறு சிலருக்குச் சோதனைகளில் ஒன்றும் அகப்படாமலே, கோதுமை தின்றால் வயிறு உப்புகிறது. இவர்களுக்குக் குளூட்டன்தான் பகையா என்பதில் ஐயம் உண்டு. 2018-இல் நார்வே நாட்டு ஆய்வாளர், இவ்வாறு சொல்லிக்கொண்ட 59 பேருக்கு, இன்னது என்று சொல்லாமல் மூன்று வகைத் தின்பண்டங்களைக் கொடுத்துப் பார்த்தனர். ஒன்றில் குளூட்டன், மற்றொன்றில் கோதுமையில் உள்ள ‘ஃபிரக்டான்’ என்னும் மாச்சத்து, மூன்றாவதில் இரண்டும் இல்லை. தொல்லையை மிகுதியாகத் தந்தது ஃபிரக்டானே. இந்த ஃபிரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் நிறைய உண்டு. கோதுமையை விட்டுவிட்டு வெங்காயச் சாம்பாரை இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றிக்கொள்பவருக்கு வலி ஏன் தீரவில்லை என்பது இதனால் விளங்கும்.

சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

சீலியாக் நோயைக் கண்டுபிடிக்க முதலில் இரத்தத்தில் ‘டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ.’ என்னும் எதிர்ப்பொருளை அளக்கிறார்கள். அதோடு மொத்த ‘ஐ.ஜி.ஏ.’ அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அது பிறவியிலேயே குறைந்திருப்பவருக்கு முதற் சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டிவிடும். இரத்தச் சோதனையில் ஐயம் வலுத்தால், வாய்வழியாக எண்டோஸ்கோப்பிக் குழாயைச் செலுத்தி, சிறுகுடலின் தொடக்கத்தில் சில இடங்களிலிருந்து துளித் துளியாகச் சதையை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்கள். குழந்தைகளுக்கு எதிர்ப்பொருள் மிக மிக அதிகமாக இருந்தால், இரண்டாவது இரத்தச் சோதனையோடு முடித்துக்கொள்வதும் உண்டு. டாக்டர் அதை முடிவு செய்வார்.

இவ்வளவு சோதனைகளும் குளூட்டனை உண்டுகொண்டிருக்கும்போதுதான் மெய் சொல்லும். நிறுத்திச் சில மாதங்கள் கழித்துப் போனால், எதிர்ப்பொருள் குறைந்திருக்கும். குடலும் ஆறத் தொடங்கியிருக்கும். "உமக்கு ஒன்றும் இல்லை" என்ற தவறான விடை கிடைக்கும். பிறகு உண்மை காண வேண்டுமாயின் தொல்லை தரும் அதே கோதுமையை மீண்டும் வாரக் கணக்கில் உண்ண நேரிடும். சோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவை உண்ண வேண்டும் என்பது பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டுதல். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் தாமாகத் தொடங்காமல் டாக்டரைக் கேட்டு அதன்படி செய்க. அவர்களுக்கு மரபுக்கூறுச் சோதனையும் உதவும். அக்கூறுகள் இல்லையென்றால் சீலியாக் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இருந்தால் நோய் இருக்கிறது என்று சொல்வதற்கில்லை.

டாக்டரிடம் போகுமுன் இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதி வையுங்கள். உண்டது என்ன, எத்தனை மணிக்கு, வலி எப்போது, எவ்விடத்தில், மலம் எப்படி, பெண்களானால் மாதவிலக்கு எந்நாள் என்று எழுதினால் போதும். சுருக்கமாகச் சொல்லத் தெரியாமல் தடுமாறும் நம் முதியோருக்கு இக்குறிப்பேடே வக்கீல். எடை குறைதல், மலத்தில் இரத்தம், கறுத்த மலம், விடாத காய்ச்சல் அல்லது வாந்தி, விழுங்க முடியாமை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தோன்றிய வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் குறிப்பேடு முடியும்வரை காத்திராமல் உடனே செல்க. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு இத்தொல்லை இருந்தால், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞானக் கழகமும் பங்காருபாளையத்தார் எளிதில் போய்வரும் தூரத்தில்தான் உள்ளன.

நோய் உறுதியானால்

அஞ்ச வேண்டியதில்லை. மாத்திரை இல்லாமல் ஆகாரத்தாலேயே அடங்கும் நோய் இது. ஆயின் பத்தியம் ஆயுள் முழுவதும் நடக்க வேண்டும். அரைகுறைப் பத்தியம் பயன்படாது. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் உட்கொண்டாலே, அதாவது ஒரு சிறு ரொட்டித் துணுக்கு அளவே, குடல் கெடுகிறது என்று 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டிற்று.

இங்கேதான் நம் பழைய சமையல் கைகொடுக்கிறது. இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, பொங்கல், அடை, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் இவற்றையெல்லாம் மேல்நாட்டார் விலை கொடுத்து ‘குளூட்டன் அற்ற உணவு’ என்று தேடுகிறார்கள்! எனினும் நம் சமையலறையிலும் ஒளிந்திருக்கும் கோதுமை உண்டு. ரவை, சேமியா, மைதா எல்லாம் கோதுமையே. உப்புமாவும் கேசரியும் ரவாதோசையும் அதில் அடங்கும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. ஒரு சிட்டிகை ரசத்தில் போனாலும் தினமும் போகிறது அல்லவா? மால்ட் சேர்ந்த பானப் பொடிகள் பார்லியில் ஆனவை. கடைப் பஜ்ஜி, போண்டா, முறுக்கில் மைதா சேர்ப்பதுண்டு. சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. மாவு மில்லில் முன்னால் போனவர் கோதுமை அரைத்திருந்தால், பின்னால் அரைக்கும் கேழ்வரகில் அது கலந்துவிடும்; வீட்டிலேயே அரைத்துக்கொள்வது நல்லது. சல்லடை, சப்பாத்திப் பலகை, ரொட்டி வாட்டும் கருவி ஆகியவற்றை நோயாளிக்குத் தனியாக வைக்கவும்.

உறையில் ‘குளூட்டன் அற்றது’ என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது என்பது சர்வதேச அளவு; இந்தியாவிலும் அதுவே விதி. அமெரிக்காவில் இருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டுச் சட்டம் கோதுமையின் பெயரை அவசியம் சொல்லச் சொல்கிறது. பார்லிக்கும் ரைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே ‘மால்ட்’ என்ற சொல்லையும் தேடிப் பாருங்கள்.

உறவினருக்கும் விருந்தினருக்கும்

இந்நோயில் மருந்தைவிடக் கடினமானது மனிதரைச் சமாளிப்பது. "ஒரு வாய் தின்றால் என்ன ஆகிவிடும்? நான் ஆசையாய்ச் செய்தேன்" என்று கேசரியை நீட்டும் அத்தையிடம் மறுப்புச் சொல்வது எளிதா? மறுக்கும் பிள்ளைக்குப் பிடிவாதக்காரன் என்று பெயர். மறுக்காத பிள்ளைக்கு மறுநாள் வலி. அன்புள்ள அத்தைமார் அருள்கூர்ந்து அரிசி மாவில் ஒரு பலகாரம் செய்து வையுங்கள். நம் சங்க விழாக்களிலும் பந்தியில் ஒரு மூலையில் அத்தகைய உணவைத் தனிக் கரண்டியோடு வைத்தல் அரிய காரியம் அன்று.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மகளுக்கு இந்நோய் என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகுமோ என்று அஞ்சி மறைக்கும் பெற்றோர் உண்டு. மறைத்துக் கொடுத்த பெண், புகுந்த வீட்டில் மூன்று வேளையும் சப்பாத்தி தின்ன நேர்ந்தால் அவள் கதி என்ன? சிகிச்சை பெறாத சீலியாக்கினால் இரத்தசோகையும், சிலருக்குக் கருத்தரிப்பதில் தாமதமும் உண்டாகின்றன. பத்தியத்தோடு இருப்பவர் பொதுவாக எல்லாரையும்போல் வாழ்ந்து, பிள்ளை பெற்று, வேலை பார்க்கிறார்கள். அதை முன்கூட்டியே இரு வீட்டாரும் அறிவது அவளுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

ஆகவே, உங்கள் வீட்டில் எவருக்கேனும் நாள்பட்ட வயிற்று வலி இருக்குமாயின், இன்றே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். இன்றைய இரவுச் சாப்பாட்டிலிருந்து எழுதத் தொடங்குங்கள். சப்பாத்தி போடும் வழக்கம் இருந்தால், சோதனை முடியும்வரை அதை மாற்ற வேண்டாம்.